இசக்கியின் கைராசி

இசக்கிக்குக் கைராசி கிடையாது என்று முக்கூடலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இசக்கியே சொல்வான். அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான்.

ஒரு சின்னப் பொத்தானை நகத்தால் தள்ளினேன்... அவ்வளவுதான் நான் செய்தது. பதினாறு வருடங்கள் ஆகின்றன. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வரப்போவதில்லை, வந்தாலும் இசக்கியைத் தேடிப் போய்ச் சொல்லப்போவதில்லை என்கிற தைரியம்தான். பார்த்தீர்களா, ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் என் கள்ளத்தனம் போகவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் செய்தவன் உருகி உருகிச் சாவான் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிடித்த வேலை, பிடித்த ஊர். படுத்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுகிறேன் என்று வீட்டில் புகார் இருக்கிறது. இப்படிச் சுகமாக இருப்பதும் அந்தக் குற்றத்தில் ஒரு பாதியோ என்று சில நேரம் தோன்றும்... உடனே வாடிக்கையாளர் யாராவது வந்துவிடுவார்கள்.

அப்போது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு, கணினிப் பிரிவு. பெயர்தான் கணினிப் பிரிவு. வாரத்துக்கு ஒருமுறை கணினி அறையைத் திறப்பார்கள். ஒரு பெட்டிக்கு ஆறு பேர். ஒருவன் தட்ட, ஐந்து பேர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும்.

இசக்கி என் பெஞ்சு. அந்த வித்தை அவனுக்குத்தான் பிறவியிலேயே வந்திருந்தது. மூடிக் கிடக்கும் பெட்டியின் சத்தத்தைக் கேட்டே உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சொல்வான். திருப்புளியை எப்படிப் பிடிக்க வேண்டும், திருகு உருண்டு ஓடாமல் எப்படிக் கழற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். எனக்கு ஆசை இருந்தது. அவனுக்குக் கை இருந்தது.

என் அப்பா அந்த வருடம் ஒரு கெடு வைத்திருந்தார். கோடை விடுமுறைக்குள் உருப்படியாக ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆழ்வார்குறிச்சியில் பெரியப்பாவின் பலசரக்குக் கடையில் போய்ப் புளிப் பொட்டலம் கட்ட வேண்டும். படிப்பு முடிந்த பிறகும் அங்கேதான். எனக்குப் புளி வாசனையே ஆகாது. அந்தக் கடையில் உட்கார்ந்தால் அதோடு என் ஆயுள் முடிந்தது என்றே நினைத்தேன். பதினாறு வயதில் எல்லாம் ஆயுள் பிரச்சினையாகத்தானே தெரியும்?

சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய்க் கடை கடையாகக் கேட்டேன். ஒருவர், "மொதல்ல மீச மொளைக்கட்டும்ல" என்றார். ஒருவர் தண்ணீர் கொடுத்து, விசிறியின் கீழ் உட்காரச் சொல்லி, அன்பாகவே இல்லை என்றார். இன்னொருவர் கழற்றிப் போட்டிருந்த பிரிண்டரைக் காட்டி மாட்டச் சொன்னார். மாட்டினேன். இரண்டு திருகு மிச்சமாகிவிட்டது. அவற்றை மேசையில் வைத்துவிட்டு நானாகவே கிளம்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் இசக்கி செய்தி கொண்டு வந்தான். எங்கள் ஊர்ப் பஜாரிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தால் போதுமாம்.

"ரெண்டு பேருமே போவோம்ல கணேசா. யாருக்குக் கெடச்சாலும் சரி" என்றான்.

"ஆமால, யாருக்குக் கெடச்சா என்ன" என்றேன்.

அவன் மனதாரச் சொன்னான். நான் வாயால் சொன்னேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். தொழில் கம்ப்யூட்டர், நம்பிக்கை முழுவதும் கைராசியில். எங்கள் பக்கம் ஊசி போட்டுக்கொள்ளக்கூடக் கைராசியான டாக்டராகப் பார்த்து இரண்டு பஸ் மாறிப் போவார்கள். நாற்றின் முதல் முடியை நடுவதற்கும் கடையில் முதல் போணிக்கும் ஆள் பார்ப்பார்கள். அண்ணாச்சி அதைக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். பழுது நீக்கிய பெட்டியை அவர் முதலில் ஓட்டிப் பார்க்க மாட்டார். "எனக்கு வாய்தான் ராசி, கை கெடையாது" என்று சொல்லி, கைராசியுள்ள ஒருவரைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போடச் சொல்வார். பக்கத்து வளையல் கடைக்காரர் பாதி நாள் அந்த வேலையாகவே அண்ணாச்சி கடைக்கு வந்து போவார். ஆகவே அண்ணாச்சி தேடியது வேலை தெரிந்த பையனை மட்டுமல்ல. ராசியான கையையும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார். போனோம். கெட்டுப்போன பெட்டிகள் இரண்டை மேசையில் வைத்தார். எனக்கு ஒன்று, இசக்கிக்கு ஒன்று.

"அவசரப்படாம பைய பாருங்க. நான் எதுக்க டீக்கடைலதான் இருக்கேன். ஓட வச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கி கால் மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டான். உள்ளே ஒரு வயர் சரியாகச் செருகப்படாமல் இருந்திருக்கிறது. திரையில் படம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். பெருமைச் சிரிப்பு அல்ல, வெறும் சந்தோஷம். பிறகு முறையாகப் பெட்டியை அணைத்து, சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிடப் போனான். எழுந்து போகும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிற ஒழுங்கு அவனுக்கு உண்டு. அந்த ஒழுங்குதான் எனக்கு வசதியாகிவிட்டது.

என் பெட்டி செத்த பெட்டியாகவே கிடந்தது. பொத்தானை அழுத்தினால் மூன்று முறை கூவும். அவ்வளவுதான். எனக்கு மூக்கில் புளி வாசனை அடிக்க ஆரம்பித்தது.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளின் பின்பக்கத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? வயரைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் நம் ஊர் மின்சாரத்துக்கு, அந்தப் பக்கம் தள்ளினால் பாதி அழுத்தம் மட்டுமே வரும் வெளிநாடுகளுக்கு. எங்கள் பள்ளியில் யாரும் தொட்டுவிடாதபடி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அண்ணாச்சியின் கடையில் ஒட்டவில்லை.

கையை நீட்டினேன். தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம்...

வெடிக்கும் என்று எனக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியை எத்தனையோ முறை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். பெட்டி ஓடாது, இசக்கி விழிப்பான், அவ்வளவுதான் என்று நினைத்தேன் என்று பல வருடம் பதில் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றும் ஆகாத பொத்தானுக்கு ஏன் பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள்? அது எனக்குத் தெரியாதா? தெரியும். எவ்வளவு பெரிதாக ஆகும் என்பதுதான் தெரியாது.

அண்ணாச்சி வந்தார். பெட்டிக்குச் சொந்தக்காரரும் டீக்கடையிலிருந்து கூடவே வந்துவிட்டார். வளையல் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். இசக்கி, "நல்லா ஓடுது அண்ணாச்சி, பாருங்க" என்று சொல்லிச் சுவர் சுவிட்சைப் போட்டான்.

அவன் பெட்டியைத் தொடவே இல்லை. சுவிட்சைப் போட்ட கையை எடுப்பதற்குள் அணுகுண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பாதி அழுத்தத்துக்கு வைத்த பெட்டிக்குள் முழு அழுத்தமும் பாய்ந்துவிட்டது. பெட்டியின் பின்புறத்திலிருந்து நெருப்புப் பொறியும் கரும்புகையும் வந்தன. பெட்டிக்காரர் வாசலுக்குத் தாவிவிட்டார். இசக்கி கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

நான் பாய்ந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினேன். பிடுங்கும்போதே அந்தப் பொத்தானைப் பழைய பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். எல்லாரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பய பதறாமப் போயி புடுங்கினான் பாத்தேளா" என்றார் வளையல் கடைக்காரர். என் வாழ்க்கையில் தொழிலுக்காக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எதற்காகப் பாய்ந்தேன் என்பது எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இசக்கிக்கு ரோஷம் வந்து, பெட்டியைப் பிரித்துக் காரணத்தைத் தேடியிருப்பான். அவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், காயம் இருக்கிறதா என்று. பிறகு திருநீறு பூசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஒனக்கு மூள இருக்குல. கைராசி இல்ல. வெள்ளிக்கிழம வெளக்கு வைக்கிற நேரம் வேற. நீ வேற சோலி பாத்துக்கோ, என்ன?"

இசக்கி தலையாட்டினான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. பதினாறு வயதுப் பையன், தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்...

என் பெட்டி ஓடியதா என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லிவிட்டார். கடையைவிட்டு இறங்கும்போது இசக்கிதான் என் தோளைத் தொட்டான்.

"ஒன் பெட்டி மூணு தடவ கூவிச்சில்லா. அது ரேமு அட்ட. கழத்தி, அழி ரப்பர வச்சு அந்த மஞ்சப் பல்லு இருக்குல்லா, அதத் தேச்சுட்டு மாட்டு. ஓடும்."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். ஓடிற்று. புகைந்துபோன பெட்டிக்கும் மின்சாரப் பகுதியை மாற்றினோம். சுவிட்சைப் போடப் பயந்து அண்ணாச்சி தள்ளி நின்றார். நான் போட்டேன். அதுவும் ஓடிற்று. ஒன்றும் ஆகாது என்பது ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தானே தெரியும்? "இதுதாம்வே கைராசி" என்று அண்ணாச்சி வளையல் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றோடு வளையல் கடைக்காரருக்குச் சுவிட்ச் போடும் வேலை போயிற்று.

புளி வாசனையிலிருந்து தப்பினேன். அந்த வேலையை எவ்வளவு சந்தோஷமாகச் செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பள்ளி மணி அடித்ததும் ஓடுவேன். உண்மையாகவே கற்றுக்கொண்டேன். மிச்சத் திருகு இல்லாமல் மாட்டுகிறவனாக ஆனேன். பிற்பாடு அண்ணாச்சி மகனோடு இருக்கச் சென்னைக்குப் போனபோது கடையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

பள்ளியில் கதை பரவிவிட்டது. "இசக்கி தொட்டா வெடிக்கும்" என்று கணினி அறையில் பையன்கள் அவனை விசைப்பலகைக்கு அருகே விடாமல் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். கொஞ்ச நாளில், விட்டாலும் அவன் வரவில்லை. ஆறு பேரில் ஆறாவது ஆளாக நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அவன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எனக்கு உறுத்தியதா? உறுத்தியது என்று எழுத ஆசைதான்...

இன்றைக்கு இசக்கி ஆற்றங்கரைப் பக்கம் வாழை போடுகிறான். நன்றாகவே இருக்கிறான். வள்ளி என்று ஒரு கெட்டிக்காரப் பெண் அவனுக்கு மனைவி. மூன்று வயதில் ஒரு மகள், தன்ஷிகா. ஒரு பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். ஆனால் வயலில் முதல் கன்றை வள்ளிதான் வைக்க வேண்டும். காலையில் மோட்டார் சுவிட்சையும் வள்ளிதான் போட வேண்டும். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது, தினமும் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னான். "எம் பொண்டாட்டி கை பட்டாத்தான் எதுவும் வெளங்கும்" என்று அதையும் பெருமையாகவே சொல்வான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருமுறை சொல்லிவிடப் பார்த்தேன். ஆற்றில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தோம்.

"இசக்கி, அன்னைக்கு அண்ணாச்சி கடைல அந்தப் பெட்டி வெடிச்சுதுல்லா..." என்று ஆரம்பித்தேன்.

"வெடிச்சதும் நல்லதுக்குத்தாம்ல. இல்லன்னா ஒன்ன மாதிரி கண்ணாடியும் தொப்பையுமா ஒக்காந்திருப்பேன்" என்றான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அவனே நிம்மதியாக இருக்கும்போது எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. எங்கள் ஊரில் புதுக் கடை திறந்தால் கல்லாவில் முதல் நாணயம் போட என்னைக் கூப்பிடுகிறார்கள். புது மிக்ஸி வாங்கினால்கூட, "கணேசா, வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போ" என்கிறார்கள். கைராசிக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வெட்கம்கெட்ட விஷயம்தான்...

போன விஜயதசமியன்று இசக்கி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். தன்ஷிகாவுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்க வேண்டும். நான் போனபோது தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். பிள்ளை பட்டுப்பாவாடையில் இருந்தாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து எழுதப்போகிறாள், நான் பந்திக்கு வந்த ஆள் என்று நினைத்து ஓரமாக உட்கார்ந்தேன்.

"அங்கன ஏன் ஒக்காருத? இங்கன வா. நீதாம்ல கையப் புடிச்சு எழுதணும்" என்றான் இசக்கி.

"அப்பன் நீ இருக்கும்போது நான் எதுக்குல?" என்றேன்.

"படிப்புல்லா. வெளையாட்டா? எங் கை வேண்டாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வள்ளி என்னைப் பார்க்காமல் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டபடி, "நானும் ஒரு வாரமாச் சொல்லிட்டேன் அண்ணே. கேக்க மாட்டேங்காவ" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அவளுக்கு என் மடி பிடிக்கவில்லை. திரும்பி, "அப்பா புடி" என்று கையை நீட்டினாள். இசக்கி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். பிள்ளை எம்பி எம்பி நீட்டினாள். அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"மாமா கையப் புடிச்சுக்கோ தாயி. மாமா கை நல்ல கை" என்றான்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. இந்தக் கைதானடா அன்றைக்குப் பொத்தானைத் தள்ளியது, உன் கையில் ஒரு குறையும் இல்லை, வந்து உன் பிள்ளையைத் தூக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால், இத்தனை வருடமும் ஒன்றுமே இல்லாததற்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். அதை அவன் எப்படித் தாங்குவான்? அவனை நினைத்துத்தான் சொல்லாமல் விட்டேனா... என்னை நினைத்தா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினேன். சின்ன விரல். மஞ்சள் ஒட்டியிருந்தது. வள்ளி குலவையிட்டாள். இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டான். சாப்பாடு பிரமாதம். இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நடந்தது இதுதான். மன்னிப்புக் கேட்க இதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டியது உங்களிடமும் அல்ல. இந்தக் கனத்தை ஒருமுறையாவது வெளியே எடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன். திரும்ப உள்ளே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று இசக்கி கடைக்கு வந்திருந்தான். வாழைத்தார் ஒன்று கொண்டுவந்து வைத்தான். தை பிறந்ததும் வீடு கட்ட ஆரம்பிக்கிறானாம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் அன்று முதல் மண்வெட்டியை நான்தான் போட வேண்டுமாம். சொந்த வீடு, சொந்த மண், அவன் ஓரமாக நிற்பானாம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது, உங்களிடம் மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.